எவரெஸ்ட் ஏறியவர் போன பள்ளிக்கூடம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகள் வயிற்றுப் பேத்தி கையில் ஒரு படிவத்தோடு வந்து நின்றாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். "அப்புச்சி, இதுல ஒரு கையெழுத்து வேணுங்க" என்றாள். முப்பத்து நான்கு வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவன் நான். மாணவர்கள் நீட்டும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டே பழகிவிட்டது. பேனாவை எடுத்த பிறகுதான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். இமயமலையில் ஏறக்குறைய நான்கு வாரம் மலையேற்றப் பயிற்சி. பனியில் நடப்பது, பனிப்பாறையில் ஏறுவது, கூடாரத்தில் தங்குவது. அடியில் பொடி எழுத்தில், உயிருக்கோ உடலுக்கோ ஏதாவது நேர்ந்தால் நிறுவனத்தைப் பொறுப்பாக்க மாட்டோம் என்று ஒரு வரி. அதற்குக் கீழேதான் கையெழுத்துப் போடும் இடம்.

பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

மகளைக் கேட்டால், "நீங்க சரின்னா எனக்கும் சரிப்பா" என்கிறாள். மாப்பிள்ளையைக் கேட்டால், "மாமா படிச்சவங்க, அவங்க சொல்றதுதான்" என்று நழுவிவிட்டார். பாரம் முழுவதும் என் தலையில். "ஒரு வாரம் டைம் குடு கண்ணு" என்று சொல்லி அனுப்பினேன். அந்த ஒரு வாரமும் நான் செய்தது எனக்குத் தெரிந்த ஒரே வேலை. இந்தப் பயிற்சி எங்கே பிறந்தது, யார் தொடங்கினார்கள், ஏன் தொடங்கினார்கள் என்று தேடிப் படித்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். சேலம், நாமக்கல் பக்கத்தில் என் வயதுக்காரர்கள் வீட்டிலும் இப்படி ஒரு படிவம் நாளைக்கு வரலாம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பனியைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரியாது. நம் ஊரில் பனி என்றால் மார்கழிப் பனி. விடியற்காலையில் சோளத்தட்டின் மேல் முத்து முத்தாக நிற்கும். வெயில் ஏறியதும் போய்விடும். இமயமலையில் ஆள் உயரத்துக்குக் கொட்டிக் கிடப்பதற்கும் நாம் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். நம்முடைய பெரிய மலை சேர்வராயன், சுமார் 5,300 அடி. கொல்லிமலை அதைவிடக் குறைவு; எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போனாலும் ஒரு சால்வை போதும்.

நம் ஊரில் உறைபனியைக் கண்ணால் பார்த்தவர்கள் என்றால் பட்டாளத்துக்காரர்களும் லாரிக்காரர்களும்தான். எங்கள் தெருவில் ஒரு டிரைவர் அண்ணன் இருந்தார். எழுபதுகளின் கடைசியில் ஜம்முவிலிருந்து ஸ்ரீநகருக்கு லோடு ஏற்றிப் போனவர், பனிஹால் பக்கத்தில் சாலை மூடி மூன்று நாள் வண்டியிலேயே கிடந்தாராம். திண்ணையில் உட்கார்ந்து அவர் சொல்வார்: "பயமெல்லாம் இல்லை வாத்தியாரே. என்ன செய்யணும்னு தெரியலை, அதுதான் பிரச்சினை. பக்கத்து வண்டி பஞ்சாபிக்காரன் சொல்லிக் குடுத்தான், டயருக்குச் சங்கிலி கட்டினோம், வந்து சேர்ந்தோம்." அப்போது கதையாகக் கேட்டேன். இந்த வாரம் அந்தப் பேச்சு அடிக்கடி நினைவுக்கு வந்தது.

ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலையின் உச்சியான மோன் பிளாங்கில் 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் தேதி முதன்முதலாக மனிதன் ஏறினான். ஏறியவர்கள் இரண்டு பேர். ஒருவர் மலையில் ஸ்படிகக் கல் தேடி விற்றவர். இன்னொருவர் உள்ளூர் வைத்தியர். அதன் பிறகு பணக்காரர்கள் வந்து, உள்ளூர் ஆட்களைக் கூலிக்குக் கூட்டிக்கொண்டு ஏறத் தொடங்கினார்கள். 1820இல் ஒரு குழு மேலே போனபோது பனி சரிந்து, மூன்று வழிகாட்டிகள் ஒரு பிளவுக்குள் புதைந்து போனார்கள். அவர்களை மூடிய பனியாறு மெல்ல மெல்ல நகர்ந்து, நாற்பது வருஷம் கழித்துத்தான் எச்சங்களைக் கீழே கொண்டுவந்து தள்ளியது. அந்த விபத்துக்கு அடுத்த ஆண்டு, 1821இல், ஷமோனி கிராமத்தில் வழிகாட்டிகள் ஒன்று சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். யார் வழிகாட்டலாம், எத்தனை பேருக்கு எத்தனை வழிகாட்டி என்று விதி வந்தது. மலைக்கு வழிகாட்டுவது ஒரு முறையான தொழில் ஆனது, மூன்று பேர் செத்த பிறகு.

நம் நாட்டுக் கதையும் ஏறக்குறைய அப்படித்தான். வெள்ளைக்காரர்கள் எவரெஸ்டுக்குப் போகத் தொடங்கிய காலத்தில் சுமை தூக்கப் போனவர்கள் ஷெர்ப்பாக்களும் போட்டியாக்களும். 1922ஆம் ஆண்டு ஜூன் மாதம், புதுப்பனி விழுந்திருந்த ஒரு சரிவில் ஏறும்போது பனி பெயர்ந்து ஏழு சுமை தூக்கிகள் இறந்தார்கள். எவரெஸ்டில் நடந்த முதல் பெரும் பனிச்சரிவு விபத்து அது. அந்த மக்கள் மலையிலேயே பிறந்தவர்கள். மூச்சு வாங்காமல் ஏறுவார்கள். ஆனால் அவர்கள் அதுவரை வாழ்ந்தது பள்ளத்தாக்குகளில், மாடு மேய்த்து, உருளைக்கிழங்கு போட்டு. உச்சிப் பனியில் அவர்களுக்கு வேலை இருந்ததில்லை. கயிறு எப்படிப் போடுவது, எந்தச் சரிவில் கால் வைக்கக் கூடாது என்பதையெல்லாம் வேலைக்குப் போன இடத்தில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். கற்பதற்குள் சிலர் போய்ச் சேர்ந்தார்கள்.

அப்படிச் சுமை தூக்கக் கூலிக்குப் போனவர்தான் டென்சிங் நோர்கே. 1935இல் எரிக் ஷிப்டன் குழுவோடு முதன்முதலாக எவரெஸ்டுக்குப் போனார். 1952இல் சுவிட்சர்லாந்துக்காரர்களோடு போய் உச்சிக்கு ஆயிரம் அடிக்குக் கொஞ்சம் குறையத் திரும்பினார். 1953 மே 29ஆம் தேதி, ஏழாவது முயற்சியில், ஹில்லாரியோடு உச்சியில் நின்றார். என் வயதுக்காரர்கள் அத்தனை பேரும் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த தேதி இது.

நாம் மனப்பாடம் செய்யாத பகுதி அதற்குப் பிறகு வருகிறது. டென்சிங்கின் வெற்றியை வைத்து மலையேற்றத்துக்கு ஒரு பள்ளி தொடங்க வேண்டும் என்று பிரதமர் நேருவும் மேற்கு வங்க முதல்வர் டாக்டர் பி. சி. ராயும் முடிவு செய்தார்கள். டென்சிங்தான் களப் பயிற்சி இயக்குநர். உலகத்தின் உச்சியில் நின்று வந்த மனிதருக்கு வேறென்ன தகுதி வேண்டும்? ஆனால் 1954 கோடையில் அவரையும் இன்னும் சில ஷெர்ப்பாக்களையும் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பினார்கள். அங்கே ரோசன்லாய் என்ற இடத்தில் அர்னால்டு கிளாட்ஹார்டு என்ற வழிகாட்டி நடத்திய மலையேற்றப் பள்ளியில் அவர்கள் மாணவர்களாகச் சேர்ந்தார்கள். எவரெஸ்ட் ஏறி ஒரு வருஷம் கழித்து, நாற்பது வயதில், முடிச்சுப் போடுவதிலிருந்து முறையாகக் கற்றுக்கொண்டார் டென்சிங். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

ஒரு வாத்தியாராக எனக்கு இது நன்றாகப் புரிகிறது. கணக்கு நன்றாகப் போடுகிறவர்களையெல்லாம் கணக்கு வாத்தியார் ஆக்கிவிட முடியாது. தன் உடம்புக்குத் தெரிந்ததை இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுக்க, அதைத் துண்டு துண்டாகப் பிரித்து வரிசைப்படுத்தத் தெரிய வேண்டும். அந்த வரிசையைக் கற்றுக்கொள்ளத்தான் டென்சிங் போனார்.

1954 நவம்பர் 4ஆம் தேதி டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்ற நிறுவனத்தை நேரு திறந்து வைத்தார். முதலில் அது இருந்தது ராய் வில்லா என்ற பழைய பங்களாவில். 1911இல் சகோதரி நிவேதிதை உயிர் விட்டது அந்த வீட்டில்தான். பாரதியார் தம் குருவாகக் கொண்டாடிய அதே நிவேதிதை. சில ஆண்டுகள் கழித்து நிறுவனம் இப்போதிருக்கும் குன்றுக்கு மாறியது.

முதல் முதல்வராக இருந்தவர் மேஜர் நரேந்திர தர் ஜயால். ராணுவப் பொறியாளர், தேர்ந்த மலையேற்ற வீரர். 1958இல் சோ ஓயூ சிகரத்துக்குப் போன இந்தியக் குழுவோடு சென்றார். சிகரத்தை நெருங்கும் முன்பே, கீழ் முகாமில், உயரத்தால் நுரையீரல் பாதிக்கப்பட்டு இறந்துபோனார். குழு மேலே போய் வென்றது. நாட்டுக்கே மலையேற்றம் கற்பித்த பள்ளியின் தலைவரையே உயரம் கொண்டுபோய்விட்டது. மலை ஆள் பார்ப்பதில்லை. பள்ளி மூடப்படவில்லை; உயரத்துக்கு உடம்பை மெதுவாகப் பழக்குவது இன்றும் அங்கே முக்கியப் பாடம்.

ராணுவம் இதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 1948இல் காஷ்மீரின் குல்மார்க்கில், ஜெனரல் திம்மையா தலைமையிலிருந்த படைப்பிரிவு ஒரு பனிச்சறுக்குப் பள்ளி ஆரம்பித்தது. இன்றைய உயர்மலைப் போர்ப் பள்ளியின் தொடக்கம் அதுதான். 1961இல் மணாலியில் ஒரு மலையேற்ற நிறுவனம் வந்தது. 1962 சீனப் போரில் நம் சிப்பாய்கள் பருத்தி உடுப்போடும் கான்வாஸ் செருப்போடும் பனியில் நின்ற கதையை அந்தத் தலைமுறை மறக்காது. குண்டுக்குத் தப்பியவர்களைக் குளிர் கொன்றது. பனியில் வாழக் கற்பது விளையாட்டு மட்டுமல்ல என்று நாட்டுக்கு உறைத்தது. 1965 நவம்பர் 14ஆம் தேதி, மறைந்த நேருவின் பெயரில், உத்தரகாசியில் இன்னொரு நிறுவனம் தொடங்கியது. அதே ஆண்டு மே மாதம் கோலி தலைமையில் போன இந்தியக் குழுவில் ஒன்பது பேர் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டிருந்தார்கள். அவர்களில் நவாங் கோம்பு டார்ஜிலிங் பள்ளியின் ஆசிரியர், டென்சிங்கின் மருமகன். எவரெஸ்டை இரண்டு முறை தொட்ட முதல் மனிதர் அவர்தான்.

சரி, அந்த நான்கு வாரத்தில் என்னதான் கற்றுக்கொடுக்கிறார்கள்? பேத்தியிடமும் கேட்டேன், படித்தும் பார்த்தேன்.

முதல் சில நாள் பனியே கிடையாது. ஊருக்குப் பக்கத்துப் பாறையில் ஏறுவது, கயிற்றில் இறங்குவது, முடிச்சுப் போடுவது. நம் லாரிக்காரர்கள் தார்ப்பாய் கட்டும்போது பார்த்திருப்பீர்கள். எந்த முடிச்சு இழுத்தால் இறுகும், எது ஒரே இழுப்பில் அவிழும் என்பது கைக்குத் தெரிந்திருக்கும். அதே கல்விதான், இங்கே முடிச்சில் தொங்குவது மூட்டை அல்ல, ஆள். பிறகு முதுகில் மூட்டையோடு சில நாள் நடந்து முகாமுக்குப் போகிறார்கள். டார்ஜிலிங்காரர்களின் முகாம் சிக்கிமில் சௌரிகாங் என்ற இடம், சுமார் 14,600 அடி. நம் சேர்வராயனைப் போல மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவு. அவசரமாக ஏறக் கூடாது. பகலில் கொஞ்சம் மேலே ஏறிவிட்டு, இரவு கீழே வந்து தூங்க வேண்டும். 18,000 அடியில் காற்றின் அழுத்தம் நம் ஊரில் இருப்பதில் பாதிதான். தலைவலி, வாந்தி, தூக்கமின்மை, நிதானம் இல்லாத நடை என்று வந்தால் மறைக்கக் கூடாது. அதற்கு முதல் மருந்து கீழே இறங்குவது.

பனிக்குப் போனதும் கற்றுக்கொடுக்கும் முதல் பாடங்களில் ஒன்று, விழுவது. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பேத்தி சிரிக்கவில்லை. கையிலே பனிக்கோடரி இருக்கும். சறுக்கி விழுந்ததும் உடனே குப்புறத் திரும்பி, கோடரியின் அலகைத் தோளுக்குப் பக்கத்தில் பனியில் அழுத்தி, உடம்பின் பாரம் முழுவதையும் அதன்மேல் போட வேண்டும். முதல் ஓரிரு நொடிக்குள் செய்துவிட வேண்டும். வேகம் பிடித்துவிட்டால் நிறுத்த முடியாது. பூட்ஸில் கிராம்பான் என்ற இரும்புப் பற்கள் கட்டியிருந்தால் காலைத் தூக்கிக்கொள்ள வேண்டும்; இல்லாவிட்டால் பல் பனியில் மாட்டி ஆளையே புரட்டிவிடும். தலைகீழாக விழுவது, மல்லாந்து விழுவது என்று ஒவ்வொரு விதத்திலும், ஆபத்தில்லாத ஒரு சரிவில், திரும்பத் திரும்ப விழவைக்கிறார்கள். யோசிக்காமல் உடம்பு தானாகச் செய்யும்வரை.

அடுத்து, பனியாற்றில் நடப்பது. மேலே வெள்ளையாக, சமமாகத் தெரியும். அடியில் கிணறு போல ஆழமான பிளவுகள் இருக்கும். அதனால் நான்கைந்து பேர் இடைவெளி விட்டு ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு போகிறார்கள். ஒருவர் உள்ளே போனால் மற்றவர்கள் அந்த நொடியே பனியில் படுத்து ஊன்றிக்கொண்டு, பிறகு மேலே இழுக்க வேண்டும். அதற்கும் பயிற்சி.

பிறகு சரிவைப் படிப்பது. முப்பது முதல் நாற்பத்தைந்து டிகிரி சாய்வில்தான் பெரும்பாலும் பனி பெயர்கிறது. பழைய பனியின் மேல் புதுப்பனி ஒட்டாமல் நிற்கும். பழைய சுவரில் அடித்த புதுச் சுண்ணாம்பு காரையோடு பெயர்ந்து விழுமே, அதுபோல. பனி கொட்டிய அடுத்த ஓரிரு நாள் சரிவுப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்தால்தான் பிழைக்க வழி உண்டு. ஆகவே வெளியிலிருந்து உதவி வரும் என்று காத்திருக்க முடியாது. கூட இருப்பவர்தான் தோண்ட வேண்டும்.

இதையெல்லாம் கேட்ட பிறகும், இது மலைநாட்டுப் பிள்ளைகளுக்கானது, நமக்கு எதற்கு என்று மனம் சொல்லிக்கொண்டிருந்தது. 1984இல் எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண் பச்சேந்திரி பால் உத்தரகாசிப் பள்ளியில் படித்தவர்தான். ஆனால் அவர் அந்த மலையிலேயே பிறந்தவர். பேத்தி வேறொரு பெயரைச் சொன்னாள்: மாலாவத் பூர்ணா. தெலங்கானாவில் நிஜாமாபாத் மாவட்டம், பாக்காலா கிராமம். பெற்றோர் விவசாயக் கூலிகள். அரசு சமூக நல விடுதிப் பள்ளியில் படித்த பெண். நம்மைப் போலவே வெயில் கொளுத்தும் ஊர். அவர் முதலில் ஏறிப் பழகியது போங்கீர் பாறையில். அது என்ன பாறை என்று படம் பார்த்தேன். ஊர் நடுவே ஒற்றைப் பாறை, அதன் உச்சியில் பழைய கோட்டை. நாமக்கல்லைப் பார்த்தது போலவே இருந்தது! அங்கே பழகி, டார்ஜிலிங்கில் பயிற்சி முடித்து, 2014 மே 25ஆம் தேதி, பதினான்கு வயது நிறைவதற்குள் எவரெஸ்ட் ஏறினார். நம் மாநிலத்திலிருந்து விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி, இரண்டு பிள்ளைகளின் தாய், 2023 மே மாதம் ஏறினார். தமிழ்நாட்டிலிருந்து எவரெஸ்ட் ஏறிய முதல் பெண் அவர்.

எத்தனை வருஷம் அந்த நாமக்கல் கோட்டைப் படியில் மாணவர்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டு ஏறியிருக்கிறேன்! கல்வெட்டையும் குகைக் கோயிலையும்தான் காட்டினேன்.

இதுவரை எழுதியதோடு நிறுத்தினால் நான் நேர்மையாக எழுதியதாக ஆகாது. 2022 அக்டோபர் 4ஆம் தேதி, உத்தரகாசி நிறுவனத்தின் உயர்நிலைப் பயிற்சிக் குழு ஒன்று 'திரௌபதி கா டாண்டா' என்ற சிகரத்தின் உச்சிக்குப் பக்கத்தில் பனிச்சரிவில் சிக்கியது. 29 பேர் போய்விட்டார்கள். பெரும்பாலோர் மாணவர்கள். ஆசிரியர்களில் ஒருவர் சவிதா கன்ஸ்வால். அதே ஆண்டு மே மாதம் எவரெஸ்டையும் மகாலுவையும் பதினாறு நாள் இடைவெளியில் ஏறியவர். பயிற்சி பெற்றவர்கள், கயிறு கட்டியவர்கள், சிறந்த ஆசிரியர் உடன் இருந்தவர்கள். அப்படியும் நடந்தது. 2016 பிப்ரவரியில் சியாச்சினில் 19,600 அடி உயரக் காவல் நிலையில் மதராஸ் ரெஜிமென்டின் பத்து வீரர்கள் பனியில் புதைந்து மடிந்தார்கள். அவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் உண்டு. நமக்குப் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர் ஒருவரும் உண்டு. பயிற்சி இல்லாமல் யாரையும் அங்கே மேலே அனுப்புவதில்லை.

அந்த வாரத்தில் இரண்டு ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கற்றுக்கொண்டால் ஒன்றும் ஆகாது என்று எந்த வரலாறும் எனக்குச் சொல்லவில்லை. ஷமோனியில் மூன்று பேர், 1922இல் ஏழு பேர், ஜயால், சவிதா என்று வரிசையாகப் பெயர்கள்தான் வந்தன. ஆனால் ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் அந்த மலைக்காரர்கள் செய்தது ஒன்றுதான்: இன்னும் கொஞ்சம் கவனமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். பேத்தி எப்படியும் ஒருநாள் மலைக்குப் போவாள். அவள் குணம் எனக்குத் தெரியும். நான் கையெழுத்துப் போடாவிட்டால் நாலு சிநேகிதிகளோடு, வாடகைக்கு எடுத்த பூட்ஸோடு, விழத் தெரியாமல் போவாள்.

அடுத்த ஞாயிறு வந்தாள். பக்கத்தில் உட்காரவைத்து இதையெல்லாம் சொன்னேன். 2022ஐயும் சொன்னேன். "எனக்குத் தெரியுங்க அப்புச்சி, அதைப் படிச்சிட்டுத்தான் படிவம் வாங்கினேன்" என்றாள். ஒரு நிபந்தனை போட்டேன். தலைவலி வந்தால் மறைக்கக் கூடாது. இறங்கு என்று வாத்தியார் சொன்னால் ஒரு வார்த்தை பேசாமல் இறங்க வேண்டும். "சத்தியமா" என்றாள். கையெழுத்துப் போட்டேன். கை கொஞ்சம் நடுங்கியது. வயசு என்று அவளிடம் சொன்னேன்.

இப்போது தினமும் விடியற்காலை ஐந்தரைக்கு, முதுகுப் பையில் பத்துக் கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு ஊரில் இருக்கும் கரடு ஏறி இறங்குகிறாள். நானும் அடிவாரம்வரை போகிறேன். அவள் இறங்கி வரும்வரை அங்கிருக்கும் திண்டில் உட்கார்ந்திருப்பேன். ரயிலுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.